வெள்ளிக்கிழமையில் வெளியே போகாத பொருள்

சென்ற ஆண்டு, ஆனி மாதம், திங்கட்கிழமை. ஜானகி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இராசபாளையம் வீட்டின் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பெலும்பு முறிந்தது.

அதே வாரம், புதன். மதுரையில் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை.

ஆனி, கடைசி வாரம். நுரையீரலில் தொற்று. ஆண்டிபயாடிக் மருந்துகள் நரம்பு வழியே தரப்பட்டன. தொற்று நீங்கியது.

ஆடி, தொடக்கம். கடும் வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் நச்சு இருந்தது. அதற்கான மருந்து தரப்பட்டது. போக்கு நின்றது.

ஆடி, கடைசி. மீண்டும் தொடங்கியது. மருந்து மாற்றப்பட்டது. நின்றது.

ஆவணி, தொடக்கம். மூன்றாம் முறை. பெருங்குடல் வீங்கத் தொடங்கியது.

ஆவணி, புதன். கணவரின் மலப் பரிசோதனை முடிவு வந்தது. கொடையாளராக ஏற்கப்படவில்லை.

ஆவணி, வெள்ளி. குடல் நுண்ணுயிர் மாற்றம் செய்யப்பட்டது. கொடையாளர் சுந்தரபாண்டியத்தைச் சேர்ந்த பெண். மாதிரி பெறப்பட்ட இடம், கொடையாளரின் வீடு.

ஆவணி, மறுவாரம், வியாழன். போக்கு நின்றது.

புரட்டாசி, முதல் வாரம். வீடு திரும்பினார். மலத்தில் நச்சு இல்லை.

ஐப்பசி, செவ்வாய், காலை. மாரடைப்பு. வீட்டிலேயே இறந்தார்.

மேலே உள்ள வரிசை சரியானது. ஜானகி என் மனைவி.

நான் என் பணிக்காலம் முழுவதையும் மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்வதில் கழித்தவன். எங்கள் ஆய்வு நிலையம் திருவில்லிபுத்தூரில் இருந்தது, வீடு இராசபாளையத்தில். நிலையத்தின் இப்போதைய பொறுப்பாளர் முன்பு என்னிடம் பணியாற்றியவர். அண்மையில் அவர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். இனி ஊர் ஊராகச் சென்று மாதிரி வாங்குவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. வீடுகளுக்கு அஞ்சலில் ஒரு சிறு பெட்டி போகும். உள்ளே ஒரு பஞ்சுக்குச்சி, மருந்துநீர் நிரப்பிய ஒரு குழாய். குச்சியால் தொட்டு, குழாயில் முக்கி, மூடி, திருப்பி அஞ்சலில் போட்டால் போதும். மரபணுவைப் படித்து எந்தெந்த இனம் இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை.

"நேர்ல போயி வாங்குன காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு கட்டுரை எழுதித் தாங்க சார். கையேட்டுல இருக்கிறதெல்லாம் எங்ககிட்ட இருக்கு. அதுல இல்லாததை எழுதுங்க" என்றார் அவர். எழுதுகிறேன் என்று சொன்னேன். வீட்டில் எழுதுவதற்கு இடைஞ்சல் எதுவும் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தேன், வெளிநாட்டில் சில ஆண்டுகள் இருந்தேன், திரும்பினேன். குடல் பாக்டீரியாவைப் பற்றி அங்கே எனக்குக் கற்றுத்தந்தவர்கள் அநேகமாக அனைவரும் அதை எலிகளிடம் கற்றவர்கள். எலியிடம் மாதிரி வாங்க யாரும் வாசலில் நின்று கேட்க வேண்டியதில்லை. கேட்டு வாங்குவது ஒரு தொழில் என்பதை நான் இங்கே வந்து பேராசிரியரிடம்தான் கண்டேன்.

பேராசிரியர் நிலையத்தை நிறுவியவர். உயரமானவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு அணிந்து நான் பார்த்ததில்லை. அவரிடம் சில தடைகள் இருந்தன. கொடுப்பவர்கள் முன்னிலையில் 'கழிவு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. முகத்தை மூடும் துணி ஆய்வகத்தில் மட்டும்தான், தெருவில் கூடாது. பெட்டியை வாங்கும்போது இரண்டு கைகளாலும் வாங்க வேண்டும். ஒரு கையில் பேனாவும் மறுகையில் பெட்டியுமாக நான் நின்ற ஒரு காலையில், அவர் பேனாவை என் கையிலிருந்து எடுத்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதைத் திருப்பித் தரவே இல்லை.

எங்கள் ஆய்வின் கேள்வி எளிமையானது. கலியாணமாகி வேறு வீட்டுக்குப் போகும் பெண்ணின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் என்ன ஆகின்றன? பிறந்த வீட்டினுடையவை அப்படியே இருக்கின்றனவா, புகுந்த வீட்டினுடையவை வந்து சேர்கின்றனவா? சுந்தரபாண்டியத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் புதிதாக வாழ வந்த பெண்களையும் அந்தந்த வீட்டாரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தோம். பேச்சியம்மாள் அப்படி வந்தவர். மகாராஜபுரத்தில் பிறந்து சுந்தரபாண்டியத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் மாடசாமி அப்போது பட்டாளத்தில் இருந்தார். விடுப்பில் வந்திருந்தபோது நாங்கள் ஆய்வை விளக்கிச் சொன்னோம். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்கூட்டுக்கு வந்து இவ கொணமே மாறல. வயிறா சார் மாறிரப் போகுது?"

"எங்கொணம் மாறாததுனாலதான் நீரு ரெண்டு வேளை சோறு திங்கீரு" என்றார் பேச்சியம்மாள், உள்ளேயிருந்து.

அவர்கள் சேர்ந்தார்கள்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய நாள் மாலை மூடியிட்ட பெட்டியைக் கொடுத்துவிட்டு வருவோம். மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு கரண்டி பொருத்தியிருக்கும். காலையில் அவர்கள் எடுத்து வைத்ததும், ஒரு பொட்டலத்தைப் பிரித்து உடன் வைத்து மூடுவோம். பெட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை அது உறிஞ்சிக்கொள்ளும். குடலில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் இறந்துபோகிறவை. பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து நிலையத்துக்குக் கொண்டு வருவோம். அங்கே ஆக்சிஜன் நீக்கிய ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. அதன் சுவரில் பொருத்திய நீண்ட கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து வேலை செய்ய வேண்டும். பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக்குழம்பில் ஒரு சாயம் கலந்திருப்போம். ஆக்சிஜன் இருக்கும்வரை அது இளஞ்சிவப்பாக இருக்கும். முற்றிலும் போனபின் நிறமற்றுப் போகும். நிறம் போவதற்கு முன் பேராசிரியர் மாதிரியைத் திறக்க விடமாட்டார்.

"போயிருச்சு சார்" என்பேன்.

"வெள்ளைத் தாளைப் பின்னால புடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தால் மெல்லிய சிவப்பு தெரியும். காத்திருப்போம். அவர் அந்தக் காத்திருப்பில் பேசமாட்டார், புத்தகமும் படிக்கமாட்டார். குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பேச்சியம்மாளின் வீட்டு மாதிரியில் ஓர் இனம் இருந்தது. நுண்ணோக்கியில் தெரியும், வளர்ப்புத் தட்டில் வளராது. ஊட்டத்தை மாற்றிப் பார்த்தேன், வெப்பத்தை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தற்செயலாக, குடலில் சாதாரணமாக இருக்கும் வேறொரு பாக்டீரியாவைத் தட்டின் குறுக்கே ஒரு கோடாகத் தீற்றிவைத்தபோது, அந்தக் கோட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் சிறு புள்ளிகளாக வளர்ந்தது. கோட்டிலிருந்து விலக விலகப் புள்ளிகள் சிறுத்து, பிறகு இல்லாமற்போயின. அண்டையிலிருப்பது வெளியிடும் ஏதோ ஒரு பொருள் அதற்கு வேண்டியிருந்தது. அது என்ன என்பதை நான் இன்னும் கண்டறியவில்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கையேட்டில் இல்லாதது இதுதான்.

ஆய்வு தொடங்கிய முதல் ஆண்டிலேயே, வெள்ளிக்கிழமைகளில் மாதிரி வருவதில்லை என்பதைக் கவனித்தேன். பெட்டியை வியாழன் மாலை கொடுத்தால் சனிக்கிழமைதான் நிறைந்து வரும். ஒரு வீட்டில் அல்ல, எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெள்ளிதோறும் கோவிலுக்குப் போய்விடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு விரதம் என்று நினைத்தேன். விரதமிருந்தால் உணவு மாறும், உணவு மாறினால் குடல் மாறும் என்று அதிலிருந்து ஒரு விளக்கத்தையே கட்டிவிட்டேன். அதை எழுதிக்கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "கேட்டியா?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை. அந்த வியாழக்கிழமை இருவருமாகச் சுந்தரபாண்டியம் போனோம். பேச்சியம்மாள் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏம்மா பொட்டி காலியா இருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமானை வெளிய குடுக்கிறதில்லைங்கய்யா. உப்பு, காசு, உறைமோரு, எதையும் குடுக்க மாட்டோம். அடுத்த வீட்டுல தீப்பெட்டி கேட்டாலும் நாளைக்கு வாங்கிக்கோம்போம்."

"இது சாமானா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்காமற்போனது அவருக்கு வியப்பாக இருந்தது.

"வாசல்ல நின்னு கேட்டு வாங்குதீக. பேரு எழுதி ஒட்டுதீக. ஐஸ் வச்சு, கார்ல ஏத்திக் கொண்டு போறீக. பொறவு சாமான் இல்லாம என்ன சார்?"

பேராசிரியர் சிரிக்கவில்லை. "சரிம்மா" என்றார். திரும்பும் வழியில், கிருஷ்ணன்கோவில் தாண்டியபின், "இனிமே வெள்ளிக்கிழமை போக வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் அட்டவணையில் வெள்ளி இல்லை. கட்டுரையை இதழுக்கு அனுப்பியபோது, வாரத்தில் ஒரு நாள் விடுபட்டது ஏன் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டார். நான் நீண்ட பதிலொன்றை எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, 'கொடுப்பவர்கள் அன்று கொடுப்பதில்லை' என்ற ஒரே வரியை எழுதினார். அந்த வரி அப்படியே அச்சானது.

ஜானகி இந்தக் கதையைப் பல ஆண்டுகள் சொல்லிச் சிரித்தாள். அவள் திருவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் கற்பித்தவள். பேச்சியம்மாளை அவளுக்கு நன்றாகத் தெரியும். விடுமுறை நாட்களில் என்னுடன் ஊர்களுக்கு வருவாள். நான் வாசலில் நிற்கும்போது அவள் அடுப்படிவரை போய்விடுவாள். "எல்லாரும் ஊருக்குப் போனா காய்கறி வாங்கிட்டு வருவாக. எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வாரதை வெளிய சொல்ல முடியுதா?" என்பாள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கத் தெரியாதவனாக நிற்பேன்.

பேராசிரியர் காலமானார். நான் அவருடைய இடத்துக்கு வந்தேன், பிறகு ஓய்வுபெற்றேன். ஓய்வுக்கு முன் நான் செய்த கடைசி வேலை, குடல் நுண்ணுயிர் மாற்றத்துக்கான கொடையாளர் விதிகளை மதுரை மருத்துவமனைக்காக எழுதிக் கொடுத்தது. ஆண்டிபயாடிக் மருந்துகள் குடலை வெறுமையாக்கிவிடும்போது டிஃபிசில் அந்த வெற்றிடத்தை நிறைத்துக்கொள்கிறது. மருந்தால் அதை அடக்கலாம், ஆனால் இடம் வெறுமையாகவே இருந்தால் திரும்ப வரும். நலமாக உள்ள ஒருவரின் மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்தினால் அதில் உள்ளவை குடியேறி இடத்தை நிறைக்கும். கொடையாளரின் குடலில் மருந்துகளுக்கு மடங்காத பாக்டீரியா இருந்தால் அவரை ஏற்கக் கூடாது என்பது நான் எழுதிய விதி. அந்தச் சமயத்தில் சுந்தரபாண்டியத்தில் சிலரைப் பரிசோதித்து, தகுதியுள்ளவர்கள் என்று குறித்துவைத்தோம். பேச்சியம்மாள் அவர்களில் ஒருவர். அதன் பின்னும் நிலையம் அவரை அவ்வப்போது பரிசோதித்து வந்தது.

ஜானகிக்கு மூன்றாம் முறை வந்தபோது, கொடையாளர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒரே அடுப்பில் வெந்ததை உண்டவர்கள் நாங்கள். கணவன் மனைவியரின் குடல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று எங்கள் ஆய்வே சொன்னது. என் மாதிரியைக் கொடுத்தேன். புதன்கிழமை முடிவு வந்தது. மருந்துகளுக்கு மடங்காத ஒரு பாக்டீரியா என் குடலில் இருந்தது. எனக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. மருத்துவமனையில் அவளருகே இருந்த வாரங்களில் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது. விதி தெளிவாக இருந்தது. சிகிச்சை செய்யவிருந்த மருத்துவர் அதை எனக்குப் படித்துக்காட்டத் தயங்கினார். நானே சொன்னேன்.

ஜானகியிடமும் நானே சொன்னேன். அவள் மிக மெலிந்திருந்தாள். கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"அப்ப வேற யாரு குடுப்பா?"

"பேச்சியம்மாள் இருக்கிறார். கேட்க வேண்டும்."

"நல்லதாப் போச்சு. முன்னப்பின்னத் தெரியாத ஆளுதுன்னா உள்ள விட்டுருக்க மாட்டேன்." சற்று நேரம் கழித்து, "என்னைக்கு?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை."

அவள் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைவரை பொறுக்க முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குடல் வீக்கம் கூடினால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை, அதை அவளுடைய உடல் தாங்காது. வியாழன் பிற்பகல் நான் சுந்தரபாண்டியம் போனேன். மாடசாமி பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகியிருந்தன. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டார். பேச்சியம்மாள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் செய்தியைச் சொன்னேன். நாளை என்ன கிழமை என்பது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

மாடசாமி மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார்.

"ராத்திரி பன்னெண்டுக்கு முன்னாடி குடுத்துட்டா வியாழக்கிழமைக் கணக்குத்தான?" என்றார் மாடசாமி.

"நீரு செத்த நேரம் சும்மா இரும்."

நான் ஒரு மாற்று வழியைச் சொன்னேன். அவர் மதுரைக்கே வந்து, மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கலாம். அப்படியானால் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போனதாகாது. அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு கூச்சத்துடன் தலையை அசைத்தார்.

"ஆஸ்பத்திரியில போயி உக்காந்தா வராது சார். எனக்கு எங்கூட்டுல தவிர எங்கயும் வராது. மகன் கலியாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்குப் போயி, வயித்தைக் கல்லா வச்சிக்கிட்டு ஊரு வந்து சேந்தேன். கேளுங்க இவியகிட்ட."

"ஆமா சார். பஸ்ல வரும்போது யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசல. கோவமாக்கும்னு சம்பந்தக்காரவுக பயந்துட்டாக."

இதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சரக்கா எந்திரிச்சு உக்காருதாகளா?"

"இல்லை."

"சோறு?"

"இல்லை."

அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். "காலையில வாங்க. குடுக்கேன்" என்றார். நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் வேண்டாம் சார். இந்த வீட்டுக்கு நான் வந்த நாள்ல இருந்து வெள்ளிக்கிழமை ஒரு துரும்பு வெளிய போனதில்ல. சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுக்கணும். அம்புட்டுத்தான்."

காலையில் நான் போனபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. விளக்கு ஏற்றியிருந்தது. பெட்டி தயாராக இருந்தது. ஆனால் அவர் அதை அப்படியே என் கையில் தரவில்லை. தம் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றை விளக்கி வைத்திருந்தார். பெட்டியை அதற்குள் வைத்து, மூடியைப் போட்டு, வலது கையால் நீட்டினார். "வெறுமனே குடுக்க மனசு வரல சார். ஏனத்தோட போகட்டும்" என்றார். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். வாசல்வரை வந்தவர், வாசற்படியைத் தாண்டவில்லை.

மாடசாமி உடன் வந்தார். தூக்குவாளியை வைத்த பனிக்கட்டிப் பெட்டியைப் பின்னிருக்கையில் வைக்கச் சொன்னேன். மறுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பட்டாளத்துல வெடிமருந்தையே இப்படித்தான் கொண்டு போயிருக்கேன். இது அதைவிடப் பத்திரமாப் போகணும்" என்றார். கல்லுப்பட்டி தாண்டியும் அவர் பேசிக்கொண்டே வந்தார். திருமங்கலத்தில்தான் பேச்சை நிறுத்தினார்.

மருத்துவமனையில் மாதிரியை எடைபோட்டார்கள். உப்புநீர் சேர்த்து அரைத்து, மடித்த துணிவலையில் வடிகட்டி, பெரிய ஊசிக்குழல்களில் நிரப்பினார்கள். நோயாளியின் உறவினர் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்பது விதி. அதை எழுதியது நானல்ல, ஆனாலும் சரியான விதி. கதவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு ஆண்டுகளில் நான் அந்த வேலையை வெளியிலிருந்து பார்த்தது அன்று ஒருமுறைதான். வடிகட்டும் இளைஞர் வேகமாகச் செய்தார். காற்றுப் படும் நேரத்தைக் குறைக்க வேண்டுமென்று தெரிந்துவைத்திருந்தார்.

மறுவாரம் ஜானகி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி கேட்டாள், பிறகு ரசம் கேட்டாள். வீட்டுக்கு வந்தபின், தடி ஊன்றி அடுப்படிவரை நடந்தாள். தூக்குவாளி மேடையில் இருந்தது.

"அவ தூக்கைத் திருப்பிக் கொண்டு போகணுமே" என்றாள்.

"நான் கொடுத்துவிட்டு வருகிறேன்."

"வெறுந்தூக்கையா? நல்லா இருக்கு. எதுவும் போட்டுத்தான் குடுக்கணும்."

திருவில்லிபுத்தூர்க் கடையில் பால்கோவா வாங்கி வைக்கலாம் என்றேன். "அவ மாட்டுப் பாலுதான் அந்தக் கடைக்கே போகுது. அவ பாலை அவகிட்டயே திருப்பிக் குடுக்கவா?" என்றாள். கடையில் வாங்குவது எதுவும் சரிப்படாது, அடுப்பருகே நிற்கத் தெம்பு வந்ததும் தானே ஏதாவது செய்து, இருவருமாகப் போய்வரலாம் என்று முடிவுசெய்தாள். என்ன செய்வது என்று அவ்வப்போது யோசித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் அந்தச் செவ்வாய் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாடசாமி தனியாக வந்தார். வந்தவர்கள் போனபின்னும் உட்கார்ந்திருந்தார். என் மகன் அவருக்குக் காப்பி கொடுத்தான். மறுநாள் மகனுக்கு விமானம்.

"அவ வரலை சார். தப்பா நெனைக்காதீக. வெள்ளிக்கிழமை குடுத்தது பிடிக்காமப் போச்சு, அதுனாலதான் டீச்சரக்கா போயிட்டாகன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. மாட்டைப் பாக்கா, சோறு பொங்குதா. ஆனா பேச்சே இல்ல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்கு வருவேங்கா."

"அப்படி இல்லை. இது இதயம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லுங்கள்."

"நான் சொல்லிப் பாத்துட்டேன். நான் சொன்னா எடுபடாது. நீங்க வந்து சொன்னாக் கேப்பா."

வருகிறேன் என்றேன். அது ஐப்பசிக் கடைசி. இப்போது மாசி.

இடையில் நிலையத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஜானகியிடம் எடுத்த மாதிரிகள், பேச்சியம்மாளின் மாதிரி, வீட்டாரையும் சேர்க்கும் வழக்கப்படி என்னுடையது ஆகியவற்றின் மரபணு வாசிப்பு அது. சிகிச்சைக்கு முன் ஜானகியின் குடலில் அநேகமாக எதுவும் இல்லை. பின்பு எடுத்ததில், பேச்சியம்மாளின் குடலில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை இருந்தன. அண்டையில்லாமல் வளராத அந்த இனமும் இருந்தது. வந்து தங்கிவிட்டுப் போகவில்லை, குடியேறியிருந்தது. இறக்கும் நாளில் என் மனைவியின் குடல் நலமாக இருந்தது.

என்னுடைய மாதிரி அவள் இறந்து சில வாரங்களுக்குப் பின் எடுத்தது. மருந்துக்கு மடங்காத பாக்டீரியா இப்போது என்னிடம் இல்லை. அது தானாகவே மறைவதும் உண்டு, காரணம் சொல்ல முடியாது. ஆனால் பேச்சியம்மாளின் வீட்டு இனங்களில் சில என்னிடம் இருந்தன. அந்த இனமும் இருந்தது. நான் பேச்சியம்மாளின் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கிறேன், உண்டதில்லை. ஜானகி வீடு திரும்பியதிலிருந்து ஐப்பசிவரை, அவள் தொட்டதையும் பரிமாறியதையும் உண்டேன். வேறு வழியில் அவை வந்திருக்க இயலாது என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதமாட்டேன். இங்கே எழுதுகிறேன்.

பொறுப்பாளருக்கு இந்தக் கட்டுரை போதுமா என்று தெரியவில்லை. அஞ்சலில் பெட்டி வரும் வீட்டில், வெள்ளிக்கிழமை அதை நிரப்பி அனுப்புவார்களா என்பதும் தெரியவில்லை. நிரப்பாவிட்டால் காரணத்தைக் கணினியிடம் கேட்க வேண்டாம்.

செய்யாமல் இருப்பவை:

புதிய கையேட்டில், கொடுப்பவர்கள் கொடுக்காத நாளைப் பற்றிய வரியைச் சேர்க்கும்படி பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும்.

அண்டையில்லாமல் வளராத இனத்தைப் பற்றிய கட்டுரை பாதியில் நிற்கிறது. அண்டையிலிருந்து அதற்குக் கிடைக்கும் பொருள் எதுவென்று கண்டறியும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜானகியின் ஊன்றுதடியை மருத்துவமனையில் தேவைப்படுபவர் யாருக்காவது கொடுக்க வேண்டும்.

தூக்குவாளி. கழுவித் துடைத்து மேடையில் இருக்கிறது. உள்ளே என்ன வைக்க நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. முறுக்கு பிழியத் தெரியாது. உளுந்துவடை ஒருமுறை தட்டிப் பார்த்தேன், வடிவம் வரவில்லை. மறுபடி தட்ட வேண்டும். வடிவம் வந்தாலும் வராவிட்டாலும் வைத்து மூடி, வெள்ளியல்லாத ஒரு நாளில் சுந்தரபாண்டியம் போக வேண்டும். அதை வலது கையால் பேச்சியம்மாளிடம் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தது பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.